ஓவியம் கேட்கும் மகள், பி.எட். கேட்கும் அப்பா

ஐயா, வணக்கம். மகள் முதலில் ஒரு டிகிரி, அப்புறம் பி.எட். முடிக்கட்டும், அதற்குமேல் ஓவியம் அவள் விருப்பம் என்று எழுதியிருந்தீர்கள். மகள் ஜெர்மன் ஓவியர் பாவ்லா மோடர்சோன்-பெக்கரைக் காட்டி வாதாடுகிறாள் என்றும் சொன்னீர்கள். அந்தக் கதையில் உங்கள் பக்கத்துக்கும் ஆதாரம் இருக்கிறது.

1876-ல் டிரெஸ்டனில் பிறந்தவர் பாவ்லா. ரயில்வே பொறியாளரான அப்பாவின் பிடிவாதத்தால் பிரேமனில் ஆசிரியர் பயிற்சியை 1895-ல் முடித்தார். அதற்குப் பிறகுதான் பெர்லினில், பெண் ஓவியர் சங்கம் நடத்திய பள்ளியில் சேர்ந்தார். அரசுக் கலைக்கூடங்கள் அப்போது பெண்களைச் சேர்த்துக்கொள்ளவில்லை. பிறகு ஓவியர்கள் கூடி வாழ்ந்த வோர்ப்ஸ்வேட கிராமம், 1900-ல் பாரிஸ். ஆசிரியர் பயிற்சி அவரைத் தடுக்கவில்லை. அதை வைத்து அவர் பிழைக்கவும் இல்லை.

பணம்தான் விஷயம். உயிரோடு இருந்தபோது அவர் விற்ற படங்கள் மிகச் சொற்பம். உறவினர்களும் கணவர் ஓட்டோ மோடர்சோனும்தான் தாங்கினார்கள். 1906-ல் கணவரை விட்டு பாரிஸ் போனவர், செலவுக்கு அவருக்கே கடிதம் எழுத வேண்டியிருந்தது. ஆனால் அந்த வருடம்தான் பாவ்லாவின் ஓவியத் திறமை முழுதாகத் திறந்தது. மேலாடையின்றி, கழுத்தில் அம்பர் மணிமாலையோடு, வயிற்றில் கை வைத்து நிற்கும் தன் உருவத்தை வரைந்தார். (படத்தைப் பார்த்தால் நீங்கள் கொஞ்சம் நெளிவீர்கள், பரவாயில்லை.) கீழே, முப்பது வயதில், ஆறாம் மணநாளில் வரைந்தேன் என்று எழுதி, 'பி.பி.' (பாவ்லா பெக்கர்) என்று பிறந்த வீட்டுப் பெயரின் முதல் எழுத்துகளில் கையெழுத்திட்டார்.

1907-ல் மகள் பிறந்து சில நாட்களில், 31 வயதில் இறந்துபோனார். எழுநூறுக்கும் மேற்பட்ட ஓவியங்கள் மிஞ்சின. 1927-ல் பிரேமனில் அவருக்கென்றே ஓர் அருங்காட்சியகம் திறந்தார்கள். ஒரு பெண் ஓவியருக்காக உலகில் முதலில் எழுந்தது அதுதான். அந்தப் புகழால் அவருக்கு ஒரு வேளைச் சோறு கிடைக்கவில்லை என்பதை மகளிடம் நேராகச் சொல்லுங்கள்.

அதனால் படிப்பை மறுக்க வேண்டாம், கணக்கை முதலில் போடுங்கள். பி.எஃப்.ஏ. என்ற நுண்கலைப் பட்டப்படிப்பு நான்கு வருடம். அது முடிந்து இன்னும் எத்தனை வருடம் உங்களால் தாங்க முடியும் என்று ஒரு தொகையாகச் சொல்லுங்கள். அதற்குள் டிசைன், அனிமேஷன், ஓவிய ஆசிரியர் வேலை, இவற்றில் எதை முயல்வாள் என்று அவளையே எழுதித் தரச் சொல்லுங்கள். சேர்க்கைக்குச் செய்முறைத் தேர்வு இருக்கும். ஸ்கெட்ச் புத்தகத்தை இப்போதே எடுத்து வைக்கச் சொல்லுங்கள். அடுத்த முறை இருவரும் சேர்ந்து வாருங்கள், அந்தப் புத்தகத்தோடு.