கேழ்வரகுக் கூழ் குடித்தால் சர்க்கரை ஏறாதா?

அம்பத்தூரில் எங்கள் குடியிருப்பின் மொட்டைமாடியில் ஞாயிறு மாலை கூடியவர்கள் சிறுதானியம் பற்றிக் கேட்டதும், உணவியல் படித்தவள் என்ற முறையில் நான் சொன்னதும்.

அக்கா, அப்பாவுக்குச் சர்க்கரை. சோற்றை நிறுத்திவிட்டு மூன்று வேளையும் கேழ்வரகுக் கூழ்தான். சரிதானே?

சரியில்லை தம்பி. கேழ்வரகிலும் 100 கிராமுக்கு 65 கிராமுக்கு மேல் மாவுச்சத்துதான். அரிசியைவிட நார்ச்சத்து கூடுதல், அது உண்மை. ஆனால் மைய அரைத்து, கரைத்துக் காய்ச்சினால் வேகமாகச் செரித்துவிடும். சொம்பு நிறையக் குடித்தால் சர்க்கரை ஏறத்தான் செய்யும். ஒரு வேளை மட்டும் சாமைச் சோறு, அதுவும் ஒரு கப். கூடவே பருப்பும் அவரைக்காய்ப் பொரியலும். சாப்பிட்ட 2 மணி நேரம் கழித்து வீட்டிலேயே குத்திப் பாருங்கள். நான் சொல்வதைவிட அந்த எண் சரியாகச் சொல்லும். மாத்திரையை மட்டும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

பால் பிடிக்காத பிள்ளைக்குக் கேழ்வரகு போதுமா, மேடம்?

100 கிராமில் சுமார் 340 மில்லிகிராம் கால்சியம். பாலில் 120தான். ஆனால் பிள்ளை 100 கிராம் மாவா சாப்பிடும்? 40 கிராமில் அடை சுட்டால், அரை டம்ளர் பாலுக்குச் சற்றுக் கூட, அவ்வளவுதான். அதிலும் தானியத்தில் இயல்பாகவே இருக்கும் ஃபைட்டேட் என்ற பொருள் கொஞ்சம் கால்சியத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். முளைகட்டியோ இரவு முழுக்கப் புளிக்கவைத்தோ செய்தால் அது குறையும். ஆடியில் அம்மனுக்கு ஊற்றும் கூழுக்கு முதல் நாளே மாவு கரைத்து வைப்பார்களே, அதே வழிதான். எள்ளும் முருங்கைக்கீரையும் சேருங்கள்.

வெள்ளை வெளேரென்று இருக்கும் சாமை நல்லதா?

தீட்டித் தீட்டித் தவிட்டை எடுத்தது. தவிட்டோடு நார்ச்சத்தும் இரும்பும் போய்விடும். அரிசிக்குப் பதில் இன்னொரு அரிசி, விலை மட்டும் கூடுதல். மங்கலான பழுப்பு நிறத்தில் இருப்பதை வாங்குங்கள்.

கம்பு மாவு பத்தே நாளில் கசக்கிறது. கலப்படமா?

இல்லை. கம்பில் 100 கிராமுக்குக் கிட்டத்தட்ட 5 கிராம் கொழுப்பு. அரைத்ததும் அது கெட்டுக் கசக்கத் தொடங்கும். அரைக் கிலோவாக அரைத்து ஃபிரிட்ஜில் வையுங்கள்.

தைராய்டு இருக்கிறது. கம்பு ஆகாது என்கிறார்களே?

கம்பில் உள்ள சில பொருள்கள் தைராய்டு சுரப்பி அயோடினைப் பயன்படுத்துவதைத் தடுக்கலாம். அதனால் தினமும் அதையே முக்கிய உணவாக வைத்துக்கொள்ள வேண்டாம். எப்போதாவது ஒரு நாள் கம்பு தோசை என்றால், அயோடின் உப்பு சேர்க்கும் வீட்டில் அவ்வளவு பயப்பட வேண்டியதில்லை.

எனக்குக் கோதுமை ஒத்துக்கொள்ளாது என்று டாக்டர் சொன்னார். தினை மாவு?

கோதுமையில் இருக்கும் குளூட்டன் என்ற புரதம் தினையில் கிடையாது. ஆனால் மில்லில் உங்களுக்கு முன்னால் யார் கோதுமை அரைத்தார்கள் என்று தெரியாதே! வீட்டு மிக்ஸியிலேயே அரையுங்கள்.