ஆமையின் வயிற்றில் ஒட்டிய மீனைப் பிய்க்கலாமா?

கேள்வி: நீலாங்கரையில் வலையில் சிக்கி வந்த ஆமையின் அடிவயிற்றில் ஒரு முழ நீள மீன் ஒட்டியிருந்தது. ரத்தம் உறிஞ்சுகிறதோ என்று பயந்து வாலைப் பிடித்து இழுத்தோம், வரவில்லை. ஆமை துவண்டுபோய்க் கிடந்தது. அப்படியே கடலில் விட்டுவிட்டோம். செய்தது சரியா? (வாசகர், திருவான்மியூர்)

பதில்: மீன் வராமல் போனது நல்லதுதான். அது ரெமோரா என்னும் ஒட்டுமீன். அதன் உச்சந்தலையில் செருப்பின் அடிப்பாகம் போல வரிவரியாக ஒரு தட்டு இருக்கும். மற்ற மீன்களுக்கு முதுகுத் துடுப்பாக இருப்பதுதான் இதற்கு இப்படி மாறியிருக்கிறது. ஒட்டுவது இந்தத் தட்டால்தான், வாயால் அல்ல. ரத்தம் உறிஞ்சுகிறது என்ற பயமே வேண்டாம்.

வால் பக்கம் இழுக்க இழுக்க அந்த வரிகள் நிமிர்ந்து பிடி இறுகும். தலைப் பக்கமாக மெதுவாகத் தள்ளினால் சட்டென்று விட்டுவிடும். இந்தப் பிடியை நம்பி, வாலில் கயிறு கட்டிய ஒட்டுமீனைக் கடலில் விட்டு ஆமை பிடித்த மீனவர்கள் கிழக்கு ஆப்பிரிக்காவில் இருந்திருக்கிறார்கள்.

மீனுக்கு இதில் ஆதாயம் அதிகம்: அலுங்காமல் பயணம், பாதுகாப்பு, சிந்தும் இரை. ஆமையின் கழிவைக்கூடத் தின்னும். பதிலுக்குச் சில ஒட்டுண்ணிகளைத் தின்று தீர்க்கும். ஆமைக்கு நீந்தும்போது கொஞ்சம் இழுவை கூடும், சில சமயம் தோல் லேசாக உரசிப்போகும். அவ்வளவுதான். நல்ல நிலையில் இருக்கும் ஆமை இதைத் தாங்கிக்கொள்ளும்.

நான் கவலைப்படுவது நீங்கள் சொன்ன இன்னொரு விஷயத்துக்காக: ஆமை துவண்டு கிடந்தது. ஆமைக்கு நுரையீரல்தான். வலைக்குள் நெடுநேரம் அமுங்கினால் மூச்சுமுட்டிச் செத்ததுபோல் ஆகிவிடும். அந்த நிலையில் கடலில் விட்டால் மூழ்கி உண்மையிலேயே செத்துப்போகும். ஜனவரி முதல் மார்ச் வரை பங்குனி ஆமைகள் முட்டையிட நம் கரைக்கு நெருங்கி வரும் காலம், இது மறுபடியும் நடக்கலாம். அப்போது ஆமையை வயிறு கீழே இருக்கும்படி நிழலில் வைத்து, பின்பக்கத்தை அரையடி உயர்த்துங்கள், நுரையீரலில் புகுந்த நீர் வடியும். ஓட்டின் மேல் ஈரத்துணி போடலாம், மூக்கை மூடக்கூடாது. கண்ணோரம் லேசாகத் தொட்டால் சுருங்குகிறதா என்று அவ்வப்போது பாருங்கள். தெளிய 24 மணி நேரம்கூட ஆகலாம். இதற்கிடையில் வனத்துறைக்குக் கட்டாயம் சொல்லிவிடுங்கள்.

அப்புறம், ஓடு முழுக்கக் கொட்டலசும் (சிப்பிபோல இறுக ஒட்டி வளரும் சிறு கடலுயிர்) பாசியும் அப்பியிருந்தால் அதையும் அவர்களிடம் சொல்லுங்கள். அந்த ஆமை பல நாளாகவே சரியாக நீந்த முடியாமல் இருந்திருக்கலாம். கொட்டலசைச் சுரண்டி எடுக்காதீர்கள், ஓட்டில் காயம் படும்.