தோட்டத்தைப் புதுசாக்க யாரைக் கூப்பிடலாம்: நர்சரிக்காரரா, கொத்தனாரா, காண்ட்ராக்டரா?

கோவைப் பக்கம் வீட்டுத் தோட்டத்தை மாற்றியமைக்க இந்த மூவரில் யார் சரின்னு கேட்டிருக்கீங்க. செடி மாற்றி, புல் போடுவது மட்டும்னா நல்ல நர்சரிக்காரரே போதும். நடைபாதை, சொட்டுநீர், விளக்கு எல்லாம் சேர்ந்தால் மொத்தப் பொறுப்பையும் ஏற்கிற காண்ட்ராக்டர்தான் சரி. இல்லாட்டி, குழாய் பதிக்க வர்றவர் நேத்துப் போட்ட புல்லைத் தோண்டிப் போட்டுட்டுப் போவார்.

ஆளை எடைபோட ஒரு கேள்வி: "நடைபாதையில பதிக்கிற பேவர் கல்லுக்கு அடியில என்னங்க போடுவீங்க?" கரிசல் மண் மழையில் உப்பும், வெயிலில் வெடிக்கும். வெறும் எம்-சாண்டைக் கொட்டிப் பதிச்சா, அடுத்த ஐப்பசி மழையிலேயே கல் ஏறி இறங்கி நிற்கும். மேல்மண்ணை வழித்தெடுத்து, 4 முதல் 6 அங்குலம் ஜல்லியும் கிரஷர் தூசும் கலந்து போட்டு, தண்ணி தெளிச்சு மெஷினில் இறுக்கி, அதுக்கு மேல ஒன்றரை அங்குலம் மணல்னு சொல்றவரைப் பிடியுங்க. வீட்டுச் சுவரிலிருந்து வெளிப்பக்கமா 10 அடிக்கு ஒன்றரை அங்குலம் வாட்டமும் வேணும்.

போர் தண்ணி உப்பா இருந்தால் சொட்டுநீர்க் குழாயில தண்ணி சொட்டுற டிரிப்பர் அடைச்சுக்கும். ஃபில்டரும், லைனைக் கழுவிவிட முனையில் திறக்கிற மூடியும் கொட்டேஷனில் இருக்கான்னு பாருங்க.

செம்மண் லோடு இறங்கும்போது பக்கத்திலேயே நில்லுங்க. கை நிறைய அள்ளி, கோரைங்கிற களையோட கிழங்கு கலந்திருக்கான்னு பாருங்க. அது புல்தரைக்குள்ள புகுந்தா பிடுங்கி மாளாது.

போட்டோவை நம்பாதீங்க, ஒரு வருஷம் முன்னாடி அவர் முடிச்ச தோட்டத்தை நேரில் பாருங்க. கடைசி 15 சதவீதப் பணத்தை ஒரு நல்ல மழை பெய்ஞ்ச பிறகு கொடுக்கறதா முதல்லயே பேசிக்கோங்க.