கை சும்மா இருக்கவும் விடணும்

அன்புள்ள அண்ணா,

நான் கடலூர் ஓ.டி. (ஓல்டு டவுன்), இன்ஜினியரிங் கடைசி வருஷம். லேப்டாப் கேமரா முன்னாடி கையை அசைச்சா ஃபோல்டர் திறக்கும், ஃபோட்டோ நகரும், ரூம்ல ஃபேன் லைட் ஆன் ஆஃப் ஆகும், அதான் ப்ராஜெக்ட். மொத்தம் 14 சைகை வச்சிருக்கேன். எனக்கு நல்லா வேலை செய்யுது. ஆனா அப்பா அம்மாகிட்ட ஏதோ சொல்லிக்கிட்டே கையை ஆட்டினா ஃபேன் நின்னுடுது. படங்களைப் பாத்து சைகையை அடையாளம் காண கத்துக்கற மாடலை இன்னும் ட்ரெயின் பண்ணணுமா?

ஒரு கடலூர் மாணவன்

தம்பி,

மாடல் மேல தப்பு இல்லப்பா. அது கையை சரியாத்தான் பாக்குது. அப்பா பேசினது அம்மாகிட்ட, ஃபேன்கிட்ட இல்ல, அதுதான் அதுக்கு தெரியல, இன்னும் எத்தனை ஆயிரம் படம் போட்டாலும் தெரியாது.

இது பழைய சிக்கல். கண்பார்வையால கம்ப்யூட்டரை இயக்கப் பாத்த ராபர்ட் ஜேக்கப் 1990லயே இதுக்கு மைடாஸ் டச்னு பேர் சொன்னார், கதைல மைடாஸ் ராஜா தொட்டதெல்லாம் பொன்னா ஆன மாதிரி, பாத்ததெல்லாம் கட்டளையா ஆயிடும்னு. அதுக்கும் பத்து வருஷம் முன்னாடி, 1980ல, அமெரிக்காவுல இருக்கற எம்ஐடில ரிச்சர்ட் போல்ட் செஞ்சதைப் பாரு: பெரிய திரையில விரலால காட்டி, வாயால 'அதை அங்க வை'னு சொன்னா வைக்கும். விரல் இடத்தை மட்டும் காட்டும், வேலை நடக்கறது வாய் திறந்தாத்தான், அதனால கை பாட்டுக்கு ஆடலாம். உனக்கும் அப்படி ஒரு க்ளட்ச் வேணும், அதாவது கை எப்ப கட்டளை, எப்ப சும்மான்னு பிரிச்சு சொல்ற ஒண்ணு. வாய்ஸ் வேணாம்னா கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் ஒட்டியிருக்கும்போது மட்டும் ப்ரோக்ராம் கையை கவனிக்கட்டும், விட்டா எதையும் கண்டுக்க வேணாம்.

நேத்து சாயங்காலம் பாண்டி பீச் ரோட்ல வண்டியெல்லாம் நிறுத்தினப்புறம் உக்காந்து உன் கடிதத்தை நினைச்சுக்கிட்டே சனங்க கையைத்தான் பாத்துக்கிட்டிருந்தேன், ஒரு அம்மா தூரத்துல ஓடற பிள்ளையை கூப்பிடறாங்க, உள்ளங்கை கீழ, விரலெல்லாம் உள்பக்கமா மடங்குது, நம்ம 'வா' அதுதானே. உன் ப்ரோக்ராம்ல அது ஸ்க்ரோல் டவுனா இருக்கும். நம்ம ஊர்ல கை எந்நேரமும் பேசிக்கிட்டே இருக்கு, அதுல பதினாலை நீ எடுத்துக்கிட்டா அவங்களுக்கு மிச்சம் என்ன இருக்கு? நாலு போதும்.

ஸ்வைப்ல இன்னொண்ணு. வலமிருந்து இடம் தள்ளி அடுத்த ஃபோட்டோ வந்துச்சுன்னு வை, கை பழைய இடத்துக்கு திரும்பும்போது அதையும் ஸ்வைப்னு எடுத்துக்கிட்டு பழைய ஃபோட்டோவே வந்துடும். விரலை விட்டுட்டு கையை திருப்பினா இது வராது, அதே க்ளட்ச்தான். டெலீட்டை கைல கொடுக்கவே கொடுக்காத. காத்துல தொடும்போது விரலுக்கு ஸ்விட்ச் மாதிரி 'டக்'னு எதுவும் படாது, அதனால கேட்டுக்கிச்சுன்னு ஒரு சின்ன சத்தமாவது வரணும்.

கையை தூக்கி வச்சுக்கிட்டே இருந்தா தோள் விட்டுப்போகும், கொரில்லா ஆர்ம்னு இதுக்கு பேரே இருக்கு. 2024ல வந்த, தலைல மாட்டிக்கற ஆப்பிள் விஷன் ப்ரோல கண்ணால பாத்து, மடில இருக்கற கையால விரலை ஒட்டினா போதும், தூக்கவே வேணாம். உன் கேமராவையும் கொஞ்சம் இறக்கி வச்சு, மேசைல முழங்கை ஊன்றினபடியே வேலை நடக்குதான்னு பாரு.

அப்புறம், இது யாருக்குன்னு யோசிச்சியா? பக்கத்துல ஸ்விட்ச் இருக்கறவனுக்கு ஃபேன் ஒரு கஷ்டமே இல்ல. உடம்பு அசைவைப் பாத்து புரிஞ்சுக்கற கினெக்ட் கேமரா வந்தது 2010ல, வீடியோ கேம் விளையாட்டுக்கு, ஆனா ஆபரேஷன் தியேட்டர்ல சுத்தம் பண்ணின கையால எதையும் தொடக்கூடாதுல்ல, அதனால ஸ்கேன் படத்தை புரட்ட டாக்டருங்க அதை எடுத்து பயன்படுத்திப் பாத்தாங்க. உங்க ஊர்லயே துறைமுகம் இருக்கு. காலைல போய் மீன் வெட்டற அக்காங்க பக்கத்துல நில்லு, கையெல்லாம் செதிலும் தண்ணியுமா இருக்கும்போது ஃபோன் அடிச்சா என்ன பண்றாங்கன்னு பாரு, அவங்ககிட்ட கேளு. லேப்டாப்பை அன்னிக்கு வீட்லயே விட்டுட்டு போ. பாத்ததை எனக்கு எழுது.