கண்ணில்லாத குகை இறால்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

இஸ்ரேல் நாட்டின் அய்யலோன் குகையில் கண்டறியப்பட்ட பார்வையற்ற நன்னீர் இறால் இனத்தைப் பற்றிச் சென்ற இதழில் ஒரு சிறு குறிப்பு வெளியிட்டிருந்தோம். அதைப் படித்த வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் ஐந்துக்கு இங்கே பதில் அளிக்கிறோம்.

கேள்வி: இத்தனை காலமும் யார் கண்ணிலும் படாமல் ஓர் இறால் எப்படி இருந்திருக்க முடியும்? (காரைக்குடி வாசகர்)

அந்தக் குகைக்கு வாசலே கிடையாது என்பதுதான் காரணம். ராம்லா நகரை அடுத்துள்ள ஒரு சுண்ணாம்புக்கல் குவாரியில், 2006ஆம் ஆண்டு, தரைமட்டத்திலிருந்து சுமார் 100 மீட்டர் ஆழத்தில் ஒரு சிறிய திறப்பு தற்செயலாக வெளிப்பட்டது. எருசலேம் ஹீப்ரு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அதன் வழியாக உள்ளே சென்றபோது, கிளை கிளையாகப் பிரிந்து சுமார் இரண்டரை கிலோமீட்டர் நீளும் குகைவழிகளையும், நிலத்தடி நீர் தேங்கி நிற்கும் ஒரு குளத்தையும் கண்டார்கள். வெளிறிய உடலும் நீண்ட உணர்கொம்புகளும் கொண்ட இந்த இறால் அந்தக் குளத்தில்தான் வாழ்கிறது. வெளியே இருந்து எவரும் நுழைய வழியில்லாத இடத்தில் வாழும் உயிரை, குவாரி வேலை அந்த இடம்வரை வராதிருந்தால் இன்றும் நாம் அறிந்திருக்க மாட்டோம்.

கேள்வி: நிறமும் கண்ணும் இல்லை என்பதாலேயே அதைப் புதிய இனம் என்று சொல்லிவிட முடியுமா? (கல்லூரி மாணவி, நாகர்கோவில்)

முடியாது. குகையில் வாழும் இறால்களுக்கும் மீன்களுக்கும் பெரும்பாலும் நிறமும் இருக்காது, பார்வையும் இருக்காது. ஆகவே அந்த இரண்டு அடையாளங்களையும் கொண்டு ஓர் இனத்தை வரையறுக்க இயலாது.

அய்யலோன் இறாலின் விஷயத்தில் ஒரு வசதி இருந்தது. அதன் தலையையும் மார்பையும் மூடியிருக்கும் ஓட்டை உற்றுப் பார்த்தால், இரு பக்கங்களிலும் முன்முனை தொடங்கிப் பின்முனை வரை தையல் போட்டது போன்ற ஒரு கோடு ஓடுவது தெரியும். அந்தக் கோடு டிஃப்லோகாரிஸ் என்ற பேரினத்துக்குரிய அடையாளம். கலிலேயக் கடலோரத்தில் தப்கா என்னும் இடத்து ஊற்றுநீரிலிருந்து கிடைத்த ஓர் இறாலைக் கொண்டு, 1909ஆம் ஆண்டு கால்மன் என்ற பிரிட்டிஷ் விலங்கியலாளர் நிறுவிய பேரினம் அது. பின்னர் லிபியாவின் பெங்காசி அருகிலிருந்தும் தென் இத்தாலியின் அப்பூலியா பகுதியிலிருந்தும் தலா ஓர் இனம் சேர்ந்தது. ஆக, உறவினர்கள் யார் என்பது உடனே தெரிந்துவிட்டது. அந்த மூன்றில் ஒன்றா, இல்லை நான்காவதா என்பதுதான் மிஞ்சியிருந்த கேள்வி.

அதற்கு விடை காண, கால்களின் நீள விகிதம், முட்களின் எண்ணிக்கை, கொடுக்குகளின் வடிவம் என்று ஒவ்வொரு உறுப்பாக எடுத்து, பழைய மாதிரிகளோடு ஒப்பிட்டு, வரைந்து, அளந்து எழுத வேண்டும். மாதிரி உடலையும் பிற்காலத்தவர் சரிபார்ப்பதற்காக ஓர் அருங்காட்சியகத் தொகுப்பில் பாதுகாத்து வைக்க வேண்டும். இவ்வேலைகள் முடிந்து, 2008ஆம் ஆண்டு சுர்னமால் என்ற இஸ்ரேலிய ஆய்வாளர் இதற்கு டிஃப்லோகாரிஸ் அய்யலோனி என்று பெயர் சூட்டினார். குகை திறந்ததற்கும் பெயர் கிடைத்ததற்கும் நடுவே உள்ள இடைவெளியை யாரும் சோம்பலாகக் கருத வேண்டாம். எத்தனையோ இனங்கள் அருங்காட்சியகப் புட்டிகளுக்குள் பெயரின்றிப் பல பத்தாண்டுகள் காத்துக் கிடக்கின்றன.

கேள்வி: வெயிலே படாத இடத்தில் செடியோ பாசியோ இல்லை. பின் அந்த இறால் எதைத் தின்கிறது? (பள்ளி ஆசிரியர், மன்னார்குடி)

பொதுவாகக் குகை உயிர்களுக்கு உணவு மேலே இருந்துதான் வரும். மழைநீர் அடித்துக்கொண்டு வரும் இலைமக்கும் வௌவால் எச்சமும் அவற்றின் ஆதாரம். அய்யலோன் குகைக்கு அந்த வழியும் அடைபட்டிருக்கிறது. அதன் கூரைக்கு மேலே நீர் புகாத ஒரு பாறை அடுக்கு மூடியிருப்பதால் மழைநீர் நேராக உள்ளே இறங்குவதில்லை. குளத்து நீர் கீழிருந்து ஊறி வருவது. வெதுவெதுப்பான அந்த நீரில் அழுகிய முட்டை நாற்றம் கொண்ட ஹைட்ரஜன் சல்பைடு கரைந்திருக்கிறது.

நமக்கு நச்சான அந்த வாயுதான் அங்கே எல்லாவற்றுக்கும் முதல். ஒருவகை பாக்டீரியாக்கள் அதை ஆக்சிஜனோடு வினைபுரியச் செய்து, அதில் கிடைக்கும் ஆற்றலைக் கொண்டு கரியமில வாயுவிலிருந்து தம் உடலைக் கட்டிக்கொள்கின்றன. அவை குளத்து நீரில் ஆடையாகப் படர்ந்திருக்கின்றன. அவற்றை மேய்ந்து வாழ்பவை கண்ணுக்கு எளிதில் புலப்படாத சிறு ஓடுடைய உயிர்கள். அச்சிற்றுயிர்களைப் பிடித்துத் தின்பது நம் இறால். குளத்தின் உணவுச் சங்கிலியில் உச்சியில் இருப்பதும் அதுவே. ருமேனியாவில் 1986ஆம் ஆண்டு கண்டறியப்பட்ட மோவிலே குகையிலும் கந்தக பாக்டீரியாவை நம்பிய இத்தகைய வாழ்க்கை உண்டு.

இதைச் சூரியனே தேவைப்படாத உலகம் என்று சிலர் எழுதுகிறார்கள். அது முழு உண்மையாகாது. உணவை உண்டாக்க வெயில் தேவையில்லை என்பது சரி. ஆனால் பாக்டீரியாக்களும் இறாலும் பயன்படுத்தும் ஆக்சிஜன், மேலுலகத்துச் செடிகளும் பாசிகளும் வெயிலில் வெளியிட்டதுதான்.

கேள்வி: பயன்படுத்தாததால் கண் மறைந்துவிட்டது என்று என் மகனுக்குச் சொன்னேன். சரிதானே? (கோவை வாசகி)

பலரும் அப்படித்தான் சொல்கிறோம், ஆயினும் அதில் ஒரு திருத்தம் தேவை. ஓர் இறால் தன் கண்ணைப் பயன்படுத்தாமல் விட்டால் அதன் குஞ்சுகளுக்குக் கண் சிறுத்துப் பிறப்பதில்லை. வெளிச்சத்தில் வாழும் ஓர் உயிருக்குக் கண்ணைக் கெடுக்கும் மரபணு மாற்றம் தற்செயலாக நேர்ந்தால், அது இரை தேட முடியாமலோ எதிரிக்கு இரையாகியோ சந்ததி விடாமல் போய்விடும். இருட்டிலோ அத்தகைய மாற்றத்தால் நட்டம் எதுவும் இல்லை. ஆகவே அத்தகைய மாற்றங்கள் தலைமுறை தலைமுறையாகக் களையப்படாமல் சேர்ந்துகொண்டே போகின்றன.

இதற்கு மேல் இன்னொரு காரணமும் உண்டு. கண்ணும் அதற்குரிய மூளைப் பகுதியும் ஓயாமல் ஆற்றலைச் செலவிடுபவை. மெக்சிகோ நாட்டுக் குகைமீனின் இனத்தில் நடத்தி 2015ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வில், ஓய்வில் இருக்கும் மீன் செலவிடும் ஆற்றலில் 5 முதல் 15 விழுக்காடு வரை பார்வைக்கே போகிறது என்று கணக்கிட்டார்கள். மீன் சிறியதாக இருந்தால் பங்கு அதிகம். இரை அரிதான இருட்டில் அவ்வளவையும் மிச்சம் பிடிக்கும் உயிர் பிழைக்கும் வாய்ப்பு கூடுகிறது. மகனிடம் இந்த இரண்டு காரணங்களையும் சேர்த்தே சொல்லுங்கள்.

கேள்வி: அந்த இறாலுக்கு ஆபத்து ஏதும் உண்டா? நம் நாட்டில் இப்படிப்பட்ட உயிர்கள் இருக்கின்றனவா? (வேளாண் அலுவலர், தேனி)

ஆபத்து உண்டு, அது போர்வெல் வழியாக வருகிறது. அய்யலோன் குளம், குடிநீருக்கும் பாசனத்துக்கும் மக்கள் இறைக்கும் பெரிய நிலத்தடி நீர்த்தேக்கத்தின் ஒரு முகம். இறைக்க இறைக்க நீர்மட்டம் தாழ்கிறது. அதே குகையில் பார்வையற்ற தேள் ஒன்றின் காய்ந்த உடல்கள் கிடைத்தன. உயிருள்ள தேள் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. நீர்மட்டம் தாழ்ந்து உணவு அற்றுப்போனதால் அவை மடிந்திருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். உலகில் வேறெங்கும் அறியப்படாத ஓர் இனம் ஒரே குளத்தை நம்பியிருக்கையில், அந்தத் தேள்களின் கதி நமக்குப் பெரிய எச்சரிக்கை என்றே நினைக்கிறேன்.

நம் நாட்டிலும் நிலத்தடி நீரில் பார்வையற்ற உயிர்கள் வாழ்கின்றன. கேரளத்தின் கோட்டயத்துக் கிணற்றில் கிடைத்த பார்வையற்ற கெளுத்தி மீனுக்கு 1950ஆம் ஆண்டிலேயே பெயர் சூட்டப்பட்டது. மகாராஷ்டிரத்தின் ரத்னகிரிப் பகுதியிலிருந்து ஒரு பார்வையற்ற இறால் 1979ஆம் ஆண்டு விவரிக்கப்பட்டது. கேரளத்து நிலத்தடி மீன்கள் பலவும் கிணறு தூர்வாரும்போதும், மோட்டார் நீரோடு தொட்டிக்கு வந்தபோதும் வீட்டுக்காரர்கள் கண்ணில் பட்டவை.

நீங்கள் வேளாண் அலுவலர் என்பதால் ஒரு வேண்டுகோள். உங்கள் பகுதியில் கிணறு தூர்வாருகிறவர்கள் வெளிறிய, கண்ணில்லாத மீனையோ இறாலையோ கண்டால், பிளீச்சிங் பவுடர் போடுவதற்கு முன் அதைக் கிணற்று நீரோடு ஒரு கண்ணாடிப் பாத்திரத்தில் எடுத்துப் படம் பிடிக்கச் சொல்லுங்கள். இடத்தையும் தேதியையும் கிணற்றின் ஆழத்தையும் குறித்துக்கொண்டு, சென்னையில் இருக்கும் இந்திய விலங்கியல் ஆய்வகத்தின் தென்மண்டல மையத்துக்கோ அருகிலுள்ள கல்லூரியின் விலங்கியல் துறைக்கோ தெரிவிக்கலாம்.