12க்கு 12 அடி ஹாலுக்கு டவர் ஸ்பீக்கர் வாங்கலாமா?

புதுச்சேரி லாஸ்பேட்டையில் புது வீடு, ஹால் 12க்கு 12 அடி, பத்தடி உயரம், தரை முழுக்க டைல்ஸ். பாட்டு கேட்க, தரையில் நிற்கும் உயரமான டவர் ஸ்பீக்கர் வாங்கினால் கடையில் கேட்ட மாதிரியே இருக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். இருக்காது. உங்கள் ஹாலுக்கு நல்ல புக்ஷெல்ஃப் (சின்னப் பெட்டி) ஸ்பீக்கர் ஜோடி ஒன்றும், ஆடாத ஸ்டாண்டும் போதும். மிச்சப் பணத்தை ஹாலுக்குச் செலவழியுங்கள். நான் கடலூர்க்காரன், எனக்கும் நண்பர்களுக்கும் ஸ்பீக்கர் பெட்டி செய்து பழக்கம். நம் பக்கத்துக் கான்கிரீட் வீடுகளில் காதுக்கு வரும் சத்தத்தில் பெரும்பங்கு சுவரிலும் தரையிலும் பட்டுத் திரும்பியதுதான். அதைக் கவனிக்காமல் எவ்வளவு விலைக்கு வாங்கினாலும் பலன் தெரியாது.

சாமான் எதுவும் வருவதற்கு முன்னால் ஹால் நடுவில் நின்று ஒருமுறை பலமாகக் கை தட்டிப் பாருங்கள். 'டிர்ர்ர்' என்று ஒரு வால் நீளும். பூச்சுச் சுவர், டைல்ஸ், கான்கிரீட் கூரை எதுவும் சத்தத்தைக் குடிக்காது. உங்கள் அளவு ஹால் காலியாக இருந்தால் அந்த வால் இரண்டு விநாடி வரைகூடப் போகும். பாட்டு தெளிவாகக் கேட்க அரை விநாடிக்குள் அடங்க வேண்டும்.

இந்தக் கணக்கைக் கண்டுபிடித்தவர் ஹார்வர்டில் பௌதிகம் சொல்லிக்கொடுத்த வாலஸ் சபைன். 1895இல் அங்கே ஒரு புது விரிவுரை மண்டபத்தில் பேசுவது ஒன்றும் புரியவில்லை என்று அவரிடம் ஒப்படைத்தார்கள். பக்கத்து அரங்கத்து இருக்கை மெத்தைகளை இரவில் தூக்கி வந்து பரப்பி, எத்தனை மெத்தைக்கு எவ்வளவு எதிரொலி குறைகிறது என்று அளந்தார். அவர் வைத்துக்கொண்ட அளவுகோல் திறந்த ஜன்னல். அதன் வழியே போன சத்தம் திரும்புவதில்லை அல்லவா! வைசியாள் வீதிப் பக்கம் முற்றம் வைத்த பழைய வீட்டில் உட்கார்ந்து பாட்டு கேட்டால் இது புரியும். சாதாரண ஸ்பீக்கர்கூட அங்கே பதறாமல் பாடும், ஏனென்றால் முற்றத்து வழியாகச் சத்தம் வானத்துக்குப் போய்விடுகிறது. சாயங்காலம் கடல்காற்று வரும் நேரத்தில் ஜன்னலையும் கதவையும் திறந்து வைத்துக் கேளுங்கள், காசில்லாத வைத்தியம். பக்கத்து வீட்டாரை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

மற்றபடி ஒரு கனமான ஜமக்காளம், துணி போட்ட சோபா, மடிப்பு மடிப்பாகத் தொங்கும் திரை, புத்தக அலமாரி. சுவரில் முட்டை அட்டை ஒட்டச் சொல்வார்கள், வேண்டாம். அது உச்ச ஸ்தாயியை மட்டும் கொஞ்சம் தொடும், கீழ் ஸ்தாயியை ஒன்றும் செய்யாது. மூலைகளில் இலவம்பஞ்சு மெத்தையைச் சுருட்டி நிறுத்தினால் அதைவிட எவ்வளவோ மேல்.

அடுத்தது உங்கள் ஹாலின் பெரிய சிக்கல், அது சதுரம். எதிரெதிர்ச் சுவர்களுக்கு நடுவே ஒரு குறிப்பிட்ட அலைவரிசை மட்டும் பொருந்தி நின்று பெருகும். 12 அடிக்கு அது சுமார் 48 ஹெர்ட்ஸ், அதாவது விநாடிக்கு 48 அதிர்வு. நீளமும் அகலமும் ஒன்றாக இருப்பதால் இரண்டும் ஒரே அலைவரிசையில் சேர்ந்து அடிக்கும். பேஸ் கிட்டாரின் தாழ்ந்த ஜி சுரம் 49 ஹெர்ட்ஸ். அது வரும்போது ஹால் முழுக்க 'பம்' என்று நிற்கும், அடுத்தடுத்த சுரங்கள் மெலிந்து போகும். இந்தப் பெருக்கம் சுவரோரத்தில் அதிகம், ஹாலின் நட்ட நடுவில் மிகக் குறைவு. நம் வீடுகளில் சோபாவைச் சுவரோடு ஒட்டித்தான் போடுவோம், அதாவது 'பம்' அதிகமாக இருக்கும் இடத்தில். மூன்று நான்கு அடி முன்னால் இழுத்தால் பாட்டே மாறிவிடும். வீட்டில் ஒத்துக்கொள்ளவில்லை என்றால் ஒன்றரை அடியாவது இழுங்கள். டவர் வேண்டாம் என்றதும் இதனால்தான். ஆழமான பேஸை, அதாவது கீழ் ஸ்தாயியை, அது இன்னும் அள்ளிக் கொட்டும், உங்கள் ஹால் அதைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

ஸ்பீக்கரை மூலையில் வைக்காதீர்கள், டிவி அலமாரிக்குள் திணிக்காதீர்கள். பின்சுவரிலிருந்து இரண்டடி, பக்கச் சுவரிலிருந்து மூன்றடி, ட்வீட்டர் (உச்ச ஸ்தாயியைப் பாடும் சின்ன வட்டம்) உங்கள் காது உயரத்தில். பின்பக்கம் ஓட்டை வைத்த பெட்டியாக இருந்து பேஸ் வழிந்தால், சுருட்டிய காலுறையை அந்த ஓட்டையில் செருகிப் பாருங்கள். மூடிய பெட்டியில் பேஸ் மெதுவாகச் சரியும், சுவர் கொடுக்கும் கூடுதல் அதை ஈடுகட்டும். சின்ன ஹாலுக்கு எனக்குப் பிடித்தது மூடிய பெட்டிதான்.

எந்த ஸ்பீக்கர் என்று தேர்ந்தெடுக்க ஒரு வழி சொல்கிறேன். கனடாவின் தேசிய ஆராய்ச்சிக் கழகத்தில் ஃபிளாய்ட் டூல் 1980களில் ஸ்பீக்கரின் பெயர் தெரியாதபடி மறைத்து வைத்து ஆட்களைக் கேட்க வைத்தார். நேரே வரும் சத்தம் ஏற்ற இறக்கமில்லாமலும், பக்கவாட்டில் போகும் சத்தமும் அதே குணத்தோடும் இருந்த ஸ்பீக்கர்களையே பெரும்பாலானவர்கள் விரும்பினார்கள். சுவரில் பட்டு வருவது அந்தப் பக்கவாட்டுச் சத்தம்தான் என்று நினைத்தால் இதில் ஆச்சரியமில்லை. கீழ் ஸ்தாயியைப் பாடும் ஆறரை அங்குல வூஃபர் 2000 ஹெர்ட்ஸைத் தாண்டினால் சத்தத்தை நேராக மட்டும் குறுக்கி அனுப்ப ஆரம்பிக்கும். அதற்கு மேல் பொறுப்பேற்கும் ஒரு அங்குல ட்வீட்டர் நாலாபக்கமும் இறைக்கும். நல்ல வடிவமைப்பாளர் ட்வீட்டரைச் சுற்றிக் குழிந்த தட்டு ஒன்று வைத்தோ, இரண்டும் கைமாறும் அலைவரிசையைக் கீழே இறக்கியோ இந்த இடறலைச் சரிசெய்வார்.

கடையில் இதைச் சோதிப்பது சுலபம். வாத்தியம் அதிகமில்லாத ஆண்குரல் பாட்டு ஒன்றை மிதமான சத்தத்தில் போடச் சொல்லுங்கள். ஸ்பீக்கருக்கு நேரே நின்று கேளுங்கள், அப்புறம் மெல்லப் பக்கவாட்டில் நடங்கள். குரல் கொஞ்சம் மங்கலாம். மூக்கடைத்த மாதிரியோ, பொந்துக்குள்ளிருந்து வருகிற மாதிரியோ ஆனால் விட்டுவிடுங்கள். அதற்கப்புறம் மிருதங்கம். இடந்தலைத் தட்டு விழுந்ததும் அடங்க வேண்டும், இழுக்கக் கூடாது. வாட்ஸ் கணக்கைப் பெரிதாகப் பார்க்காதீர்கள். வாட்ஸை இரட்டிப்பாக்கினால் கூடுவது 3 டெசிபல்தான். ஆறேழு அடி தள்ளி உட்கார்ந்து கேட்க உங்களுக்குச் சில வாட்ஸ்களே செலவாகும். நம் வெயிலில் ஃபேனை நிறுத்த முடியாது, வேகத்தை இரண்டில் வைத்தாலே தம்புரா தெளிவாகக் கேட்கும்.

கடைசியாக உப்புக்காற்று. கோனை (ஸ்பீக்கரில் அதிரும் கூம்பை) சுற்றியுள்ள விளிம்பு ஸ்பாஞ்சாக இருந்தால் நம் கடலோர ஈரத்தில் சில வருஷங்களில் உதிர்ந்துவிடும், ரப்பர் விளிம்பு பார்த்து வாங்குங்கள். ஒயர் மாட்டும் முனைகள் பச்சை பூக்கும், மழைக்காலம் முடிந்ததும் கழற்றித் துடைத்து மாட்டுங்கள். ஆசாரியிடம் சொல்லிப் பெட்டி செய்வதாக இருந்தால் எம்டிஎஃப் (மரநாரை அழுத்திச் செய்த பலகை) வேண்டாம், ஈரத்தில் ஓரம் ஊதும். ஐஎஸ் 710 என்ற இந்தியத் தர முத்திரை உள்ள மரைன் பிளைவுட், 18 மில்லிமீட்டர், உள்ளே ஒரு குறுக்குச் சட்டம் என்று கேளுங்கள்.