காத்திருக்கும் காரில் ஓடும் ஏசி: சாரதியின் சம்பளத்தில் பிடிக்கலாமா?

கேள்வி: நான் கிளிநொச்சியில் இருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியை. கணவருக்குச் சிறுநீரக நோய். யாழ்ப்பாணத்தில் கிளினிக், வவுனியாவில் வேறு அலுவல்கள் என்று மாதத்தில் 6 நாளளவில் தூரப் பயணம் இருக்கிறது. கனடாவில் இருக்கும் மகன் எடுத்துத் தந்த கார், 1500 சிசி பெற்றோல், ஹைபிரிட் இல்லை. சித்திரையில் ஒரு தம்பியை மாதச் சம்பளத்துக்குச் சாரதியாக வைத்தோம். நல்ல பிள்ளை, நிதானமாக ஓடுவார். ஆனால் நாங்கள் உள்ளே நிற்கும் 3 மணித்தியாலமும் எஞ்சினை ஓடவிட்டு ஏசியில் படுத்திருக்கிறார். மார்கழி, தையில் சொந்தக்காரர் ஒருவர் ஓடியபோது மாதம் 33,000 ரூபாயோடு முடிந்த பெற்றோல், இப்போது 45,000. கூடிய காசைச் சம்பளத்தில் பிடிக்கலாமா? நாங்கள் இல்லாத நேரம் ஏசி வேலை செய்யாதபடி சுவிச் ஒன்று பூட்டலாம் என்று கராஜில் சொல்கிறார்கள். செய்யட்டுமா?

பதில்: வணக்கம் ரீச்சர். இரண்டும் வேண்டாம். ஏன் என்பதைக் கணக்கோடு சொல்கிறேன். 2022 யூன் கடைசியில் 92 ஒக்டேன் லீற்றர் 470 ரூபாய்க்குப் போனதையும், பெற்றோல் செற்றில் நாள் கணக்கில் வரிசையில் நின்றதையும் பார்த்த எவருக்கும், நிற்கிற காரில் பெற்றோல் எரிந்தால் வயிறு எரியும். அந்தக் கோபம் நியாயமானது. ஆனால் 12,000 ரூபாயையும் அந்த ஏசியின் தலையில் போட முடியாது.

லீற்றர் 300 ரூபாய் என்று வைப்போம். செலவை ரூபாயில் ஒப்பிடாமல் லீற்றரில் ஒப்பிடுங்கள், விலை அடிக்கடி மாறும். முன்பு மாதம் 110 லீற்றர், இப்போது 150. கூடியது 40 லீற்றர். உங்கள் கார் போன்றதில் நின்றபடி ஏசி ஓடினால், வெயிலைப் பொறுத்து மணித்தியாலத்துக்கு ஒரு லீற்றரை ஒட்டிப் போகும். 6 நாள், நாளுக்கு 3 மணித்தியாலம் என்றால் 18 லீற்றர், அதாவது 5,400 ரூபாய். மீதி 22 லீற்றர் எங்கே போனது?

அதிலும் ஒரு பங்கு வெயிலுக்குத்தான். மார்கழி மழையில் கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கிவிட்டுப் போயிருப்பீர்கள். இப்போது ஏ9 வீதியில் முழுத் தூரமும் ஏசி போடாமல் நோயாளியை ஏற்றிப் போக முடியுமா? ஓட்டத்தில் ஏசி போட்டால் நூற்றுக்குப் பத்து அளவில் கூடுவது சாதாரணம். அது 11 லீற்றர். அதைக் குறைக்கப் பார்க்காதீர்கள், அது ஐயாவின் உடம்புக்குச் செய்யும் செலவு. இன்னும் 11 லீற்றர் மிஞ்சுகிறது. கிளிநொச்சியிலிருந்து யாழ்ப்பாணம் ஒரு தரம் போய்வருகிற பெற்றோல் அது. ரயரில் காற்றுக் குறைந்தும் போயிருக்கலாம், பிரேக் பிடித்தபடி ஓடலாம், உங்களுக்குத் தெரியாத ஓட்டமும் இருக்கலாம். தெரியாமல் தம்பியைக் குற்றம் சொல்லாதீர்கள். அளந்து பாருங்கள்.

அளப்பது சுலபம். ராங்கை முழுதாக நிரப்பி, ஓடிய கிலோமீற்றரை ஒரு கொப்பியில் எழுதுங்கள். அடுத்த முறையும் முழுதாக நிரப்பி, பில்லில் உள்ள லீற்றரையும் கிலோமீற்றரையும் பக்கத்திலேயே எழுதுங்கள். ஒவ்வொரு பயணமும் தொடங்கும்போதும் முடியும்போதும் மீற்றரைத் தம்பியே எழுதட்டும். ஜிபிஎஸ் கருவி பூட்டினால் எஞ்சின் ஓடியும் கார் அசையாமல் நின்ற நேரம் தனியாகத் தெரியும். பூட்டுவதென்றால் அவருக்குச் சொல்லிவிட்டுப் பூட்டுங்கள். ஒளித்துப் பூட்டி ஒருநாள் அவர் கண்டுவிட்டால் நல்ல சாரதியை இழப்பீர்கள், கிளிநொச்சியில் இன்னொருவரைத் தேடுவது உங்களுக்குத்தான் சிரமம்.

இப்போது சுவிச் விஷயம். சோழகம் வீசும் மாதங்களில் மூடிய காருக்குள் ஏசி இல்லாமல் 3 மணித்தியாலம் எவரும் இருக்க முடியாது. அந்தத் தம்பி சொகுசுக்காகத்தான் ஏசி போடுகிறார் என்று நினைக்காதீர்கள், அவருக்கு இருக்க வேறு இடம் இல்லை. சுவிச்சைப் பூட்டினால் அவர் காரை விட்டுவிட்டு எங்கேயாவது போவார், நீங்கள் ஐயாவைக் கையில் பிடித்துக்கொண்டு வாசலில் நிற்பீர்கள். சம்பளத்தில் பிடிப்பது இன்னும் மோசம். பேசிய சம்பளத்தைக் கேட்காமல் குறைத்தால் அவர் வேறு வழியில் ஈடுகட்டப் பார்ப்பார்.

நான் சொல்வது இது. காத்திருக்கும் நாளில் தேநீருக்கும் சாப்பாட்டுக்குமாக 300 ரூபாய் தனியாகக் கொடுங்கள். ஒரு மணித்தியால ஏசியின் காசுதான் அது. நிழலும் கதிரையும் உள்ள கடையையோ தெரிந்தவர் வீட்டு முற்றத்தையோ ஒழுங்குபண்ணுங்கள், யாழ்ப்பாணத்தில் உங்களுக்கு ஆட்கள் இருப்பார்கள். காரை மரநிழலில் விட்டு, முன் கண்ணாடிக்கு மறைப்புப் போடச் சொல்லுங்கள். காய்ந்த புல்லின் மேல் மட்டும் விட வேண்டாம், புகைக்குழாய்ச் சூட்டில் தீப்பிடிக்கும். எஞ்சின் நிற்கட்டும். மருந்து எடுக்கும் வரிசையில் நிற்கும்போது நீங்கள் ஒரு கோல் எடுங்கள்: "தம்பி, இன்னும் பத்து நிமிஷத்தில வாறம்." அவர் கதவுகளைத் திறந்து சூட்டை வெளியே விட்டு, பிறகு ஏசியைப் போட்டு வைத்தால், ஐயா குளிர்ந்த காரில் ஏறுவார்.

இதை மாதம் முழுக்கச் சரியாகச் செய்தால் மாதக் கடைசியில் 1,200 ரூபாய் ஊக்கப்பணம் என்று முதலிலேயே பேசிவையுங்கள். சாப்பாட்டுக்காசு 1,800, ஊக்கப்பணம் 1,200, மொத்தம் 3,000. மிச்சம் பிடிப்பது 5,400. அந்தப் பத்து நிமிஷ ஏசிக்கு ஒரு 300 கழித்தாலும் உங்கள் கையில் 2,100 நிற்கும். பெரிய தொகை இல்லை, ஆனால் வருஷத்துக்கு 25,000 ரூபாய். எஞ்சினுக்கும் நல்லது: நின்றபடி ஏசி ஓடும்போது காற்றோட்டம் குறைவு, பழைய காரில் சூடேறிப் பிரச்சினை கொடுக்கும்.

ஒரு விஷயத்தில் கவனம். ஊக்கப்பணத்தை நின்றபடி ஓடிய நேரத்துக்கு மட்டும் கட்டுங்கள், மொத்தப் பெற்றோலுக்குக் கட்டாதீர்கள். மொத்தத்துக்குக் கட்டினால் நீங்கள் உள்ளே இருக்கும்போதும் "ஏசி சரியா வேலை செய்யுதில்லை" என்று ஒரு கதை வரும், ஐயா வேர்த்துக்கொண்டு இருப்பார்.

காசை விட முக்கியமானதும் ஒன்று உண்டு. ஓடும் எஞ்சினோடு கண்ணாடியை மூடிக்கொண்டு நித்திரை கொள்ள வேண்டாம் என்று தம்பிக்கு இன்றைக்கே சொல்லுங்கள். புகைக்குழாயில் கசிவு இருந்தால், அல்லது கார் அடைத்த கராஜில் நின்றால், காபன் மொனொக்சைட் உள்ளே சேரும். மணமும் இல்லை, நிறமும் இல்லை, நித்திரையிலேயே உயிர் போகும். அடுத்த சேர்விஸில் புகைக்குழாயையும் பார்க்கச் சொல்லுங்கள்.

இரண்டு மாதம் இப்படிச் செய்து கொப்பியைப் பாருங்கள். மாதம் 130 லீற்றருக்குப் பக்கத்தில் வந்தால், நின்றபடி ஓடிய ஏசியின் பங்கு சரியாகிவிட்டது. ரயர், பிரேக் எல்லாம் பார்த்த பிறகும் 140ஐ விட்டு இறங்கவில்லை என்றால் பிரச்சினை ஏசியில் இல்லை. பில்லையும் மீற்றர் எழுதிய பக்கத்தையும் மேசையில் வைத்து, எந்த நாளின் கிலோமீற்றர் பொருந்தவில்லை என்று தம்பியிடமே நேராகக் கேளுங்கள்.